உறையின் இடது மூலை

எமெஃபாவின் கடைக்கும் என் கடைக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது. நான் ஐஸ் மீன் விற்றேன். அவள் தட்டச்சு, நகல், அழைப்பிதழ், உறை. சுவருக்கு அந்தப் பக்கம் அச்சு இயந்திரம் காகிதத்தை இழுக்கும் சத்தத்தை வைத்தே அவளுக்கு அன்றைக்கு எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கடை அவளுடையது மட்டுமல்ல. கஃபூயும் அவளும் சேர்ந்து வைத்தது. ஹோஹோவேயில் தட்டச்சுப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். தேவாலயப் பாடகர் குழுவில் ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவர் பிடித்துக்கொண்டு பாடுவார்கள். கடை இருந்தது கஃபூயின் கணவன் செலோர்முடைய குடும்ப வீட்டின் முன்னறையில். கணினி எமெஃபாவுடையது. அவள் கணவர் வடக்கே லாரி ஓட்டிச் சேர்த்துக் கொடுத்தது. வருகிறவர்களிடம் பேசுவது கஃபூய். வேலையைச் செய்து முடிப்பது எமெஃபா. இதில் இருவருக்கும் குறை இருந்ததாக நான் கேட்டதில்லை.

எங்கள் டோக்போவேயில் யார் வீட்டுக்கும் எண் கிடையாது. முகவரி என்றால் பட்டம், பெயர், ஊர், தபால் பெட்டி. அதில் பட்டம்தான் உயிர். ஒரு தலைவரின் பெயருக்கு முன்னால் 'தோக்பே' என்று போடாமல் அனுப்பினால் கடிதத்தைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். ஒருவருக்கு இரண்டு மூன்று பட்டங்கள் இருந்தால் அத்தனையும் வர வேண்டும், வரிசை மாறக் கூடாது. கணினியில் இருக்கும் எழுத்து மென்பொருளுக்கு இதெல்லாம் தெரியாது. உலகத்து உறை எல்லாம் அமெரிக்கா உறை என்று அது நினைத்துக்கொண்டிருந்தது. நம்மூர்க் கடையில் கிடைக்கும் உறையின் அளவே வேறு. அதன் போக்கில் விட்டால் பெயர் நடுவில் விழும், ஊர் பாதி வெட்டுப்படும், தபால் பெட்டி எண் உறையைத் தாண்டி வெளியே போய்விடும். எமெஃபா ஒரு மழைக்காலம் முழுக்க அளவுகோலை வைத்துக்கொண்டு இதோடு மல்லுக்கட்டினாள். இடப்பக்கத்திலிருந்து எவ்வளவு தள்ள வேண்டும், மேலிருந்து எவ்வளவு இறக்க வேண்டும், நீளப் பட்டம் வந்தால் எழுத்தை எவ்வளவு சிறிதாக்கலாம் என்று பார்த்துப் பார்த்து வைத்தாள். கெட்டுப்போன உறைகளை என்னிடம் கொண்டுவந்து தருவாள். நான் அதில் சில்லறை போட்டு வைப்பேன். அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் கல்யாணமோ, சாவோ, திருச்சபை விழாவோ, உறை அடிக்க வேண்டுமென்றால் எங்கள் தெருவுக்குத்தான் வந்தார்கள்.

எங்கள் ஊர்த் தலைவர் ஆசனத்தில் மேல்வாசல், கீழ்வாசல் என்று இரண்டு குடும்பங்கள் மாறி மாறி உட்காருவது வழக்கம். தலைவராக இருந்த தோக்பே இறந்தபோது அடுத்த முறை யாருடையது என்பதில் தகராறு வந்தது. கடைசியாக இருந்தவர் மேல்வாசல். ஆனால் அவர் கொஞ்ச காலமே இருந்தார், அது ஒரு முறையாகக் கணக்கில் வராது என்பது மேல்வாசலின் வாதம். கீழ்வாசல் ஒப்புக்கொள்ளவில்லை. செலோர்ம் மேல்வாசல். எமெஃபாவின் அம்மா கீழ்வாசல். அவளுடைய தாய்மாமன் குவாமிதான் கீழ்வாசலுக்காக எல்லா இடத்திலும் போய்ப் பேசுகிறவர். இந்த இரண்டும் ஊருக்கே தெரியும். அதுவரை இதனால் கடைக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை. இரண்டு பக்கமும் அங்கேதான் அடித்தார்கள்.

முதலில் கீழ்வாசல் வந்தது. அடுத்த முறை எங்களுடையது என்று சொல்லி சுற்றியிருக்கும் எல்லாத் தலைவர்களுக்கும் கடிதம் அனுப்பினார்கள். உறையின் இடது மூலையில் அனுப்புநர் முகவரியாகக் கீழ்வாசலின் பெயரும் தபால் பெட்டியும் வர வேண்டும் என்றார் குவாமி மாமா. எமெஃபா அடித்துக் கொடுத்தாள். அந்த மென்பொருளில் புதிய அனுப்புநர் முகவரியைப் போட்டால், இதையே இனிமேலும் வைத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கும். கடிதங்கள் நிறைய இருந்தன, ஒவ்வொரு முறையும் அடிப்பானேன் என்று அவள் ஆம் என்று அழுத்தினாள்.

பிறகு மேல்வாசல் வந்தது. இறந்த தோக்பேயின் பெரிய சாவுச்சடங்குக்கு அழைப்பு. யார் அந்தச் சடங்கை எடுத்து நடத்துகிறார்களோ அவர்கள் கை ஓங்கும் என்பதால் மேல்வாசல் பணத்தை வாரி இறைத்தது. அக்ராவிலிருந்து கெட்டியான பால்நிற உறைகளை எண்ணி வாங்கி வந்திருந்தார்கள். எமெஃபா பட்டங்களைச் சரிபார்த்து, அனுப்புநர் முகவரி வேண்டாம் என்று குறித்து, எல்லாவற்றையும் தனிக் கோப்பில் வைத்துவிட்டு, அம்மாவின் கண்ணைக் காட்ட ஹோ நகரத்துக்குப் போனாள். தான் திரும்பி வந்து அடிப்பதாகத்தான் பேச்சு.

அன்று காலையிலேயே மேல்வாசலிலிருந்து ஆள் வந்து நின்றான். கார்கள் கிளம்பத் தயாராக இருக்கின்றன, இப்போதே வேண்டும் என்றான். மின்சாரம் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கணினி ஒரு முறை அணைந்து மறுபடி உயிர் பெற்றது. எமெஃபாவின் கோப்பைக் கஃபூயால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவளே புதிதாக ஒன்றைத் திறந்து, பெயர்களை ஒட்டி, அடிக்க ஆரம்பித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நடுவில் சத்தம் ஒரு முறை நின்றது. மின்சாரம் போய்விட்டதோ என்று என் குளிர்பெட்டியைப் பார்த்தேன். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்சம் கழித்துச் சத்தம் மறுபடி தொடங்கியது.

சடங்கு நாள் வந்தது. மேல்வாசல் தெருவில் பந்தல், நாற்காலிகள், முரசு, சிவப்பும் கறுப்பும் உடுத்த கூட்டம். வர வேண்டிய தலைவர்களில் பாதிப் பேரைக் காணவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. அவர்கள் வந்துவிட்டார்கள், ஆனால் குவாமியின் வீட்டு வாசலில் வந்து இறங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு காரிலிருந்தும் ஷ்னாப்ஸ் என்கிற சாராயப் புட்டிகளும் துக்கத்துணியும் கீழ்வாசலில் இறங்குகின்றன. அழைப்பு உள்ளே என்ன சொன்னாலும், உறையின் இடது மூலையில் கீழ்வாசல் குடும்பம் என்று இருந்தது. இரண்டு வீடும் சமாதானமாகி, சடங்கைக் கீழ்வாசல் எடுத்துக்கொண்டது என்று வந்தவர்கள் நினைத்துவிட்டார்கள். குவாமி மாமா அவர்களை மறுக்கவில்லை. உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கொண்டுவந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு மெதுவாக வழி காட்டி அனுப்பினார். மேல்வாசல் பந்தலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது கை வெறுங்கையாக இருந்தது. அன்றைக்கு எங்கள் ஊர் சிரித்த சிரிப்பைச் சாவுவீட்டில் சிரிக்கக் கூடாது.

அதற்குள் ஊர் திரும்பியிருந்த எமெஃபா, அன்று மாலை ஓர் உறையைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் போனாள். அவர்கள் பேசியதை அவளே பிறகு எனக்குச் சொன்னாள். கஃபூய் அழுதாளாம். மின்சாரம், அவசரம், கோப்பு கிடைக்கவில்லை, மூலையைப் பார்க்கவேயில்லை என்றாளாம். எமெஃபா அவளைக் கடிந்துகொள்ளவில்லை. "ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். கடையில தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லுவோம். யாரு கைன்னு நாமளும் சொல்ல வேண்டாம், அவங்களும் கேட்க வேண்டாம்" என்றிருக்கிறாள். கஃபூய் தலையாட்டினாள்.

மறுநாள் மேல்வாசல் பெரியவர் அகோர்லி இருவரையும் கூப்பிட்டனுப்பினார். பக்கத்துக் கடைக்காரி என்பதால் என்னையும் வரச் சொன்னார்கள். முற்றத்தில் பெரியவர்கள் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெஞ்சில் நாங்கள் மூன்று பேர், எமெஃபா நடுவில். செலோர்ம் பெரியவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தை அவ்வளவு இறுக்கமாக நான் பார்த்ததில்லை.

யார் செய்தது என்று அகோர்லி கேட்கவில்லை. அந்த முகவரி அந்தக் கணினிக்குள் எப்படி வந்தது என்று கேட்டார். எமெஃபா எழுந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"என்னாலதான் பெரியவரே. கீழ்வாசல் கடிதாசி அடிச்சப்போ நான்தான் அந்த முகவரிய அதுக்குள்ள வெச்சேன். அப்புறம் எடுக்கல. ஆனா உங்க உறையில அது வரக் கூடாதுன்னு தனியாத்தான் செஞ்சு வெச்சிருந்தேன். கடையில நடந்த தப்பு, நாங்க ரெண்டு பேரும் மன்னிப்பு கேட்கத்தான் வந்திருக்கோம்."

பெரியவர்களுக்கு முதல் வாக்கியத்துக்கு மேல் காதில் ஏறவில்லை. அவள் உட்கார்ந்ததும் நான் எழுந்து, அச்சடித்த அன்று எமெஃபா ஊரிலேயே இல்லை, அம்மாவோடு ஹோவில் இருந்தாள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அகோர்லி கஃபூயைப் பார்த்தார். அப்படியானால் அச்சடித்தது நீயா என்றார்.

கஃபூய் எழுந்து நின்றாள்.

"அவ ரெடி பண்ணி வெச்சிட்டுப் போனதைத்தான் நான் அடிச்சேன், பெரியவரே. உறை வேலை எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரியும், அது அவ வேலை. நான் பட்டனத் தட்டினேன், அவ்வளவுதான்."

அவள் ஏன் அப்படிச் செய்து வைக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டார்.

கஃபூய் கீழே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவங்க அம்மா எந்த வாசல்னு உங்களுக்கே தெரியும். அதுக்கு மேல நான் என்ன சொல்ல."

எமெஃபா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. தெருவில் தெரிந்தவர் என்று நினைத்துக் கூப்பிட்ட ஆள் திரும்பும்போது வேறு யாரோவாக இருந்தால் பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள். கோப்பைத் திறந்து காட்டட்டுமா என்று கேட்டாள். இன்று இருப்பது நேற்றும் இருந்தது என்று யார் சொல்வது, பெட்டிக்குள் இருப்பது உன் கைக்குள் இருப்பதுதானே என்றார் அகோர்லி. அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தீர்ப்பு அங்கேயே வந்தது. ஒரு ஆடு, ஷ்னாப்ஸ், எல்லோர் முன்னாலும் மன்னிப்பு. கவனக்குறைவுக்கு அல்ல, சூதுக்கு.

அவள் வீட்டுக்குப் போனால் அங்கே குவாமி மாமா காத்திருந்தார், நண்பர்களோடு, புட்டியோடு. நானும் கூடப் போயிருந்தேன். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்று கை தட்டினார்.

"வாம்மா, வா. நாங்க இத்தனை பேரு வக்கீல் வெச்சு முடிக்காதத நீ ஒரு மூலையில முடிச்சிட்டே."

"மாமா, நான் அதைச் செய்யல."

"செய்யல. அப்படித்தான் சொல்லணும். யாரு கேட்டாலும் இதையே சொல்லு." அவர் நண்பர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"மாமா, நிஜமாவே நான் செய்யல."

"பாத்தீங்களா, என்னா அழுத்தமா சொல்றா."

அவர்கள் சிரித்தார்கள். எமெஃபா நின்றுகொண்டே இருந்தாள். மேல்வாசலில் திட்டினபோது வராத கண்ணீர் அப்போது வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று ஒருவர் சொன்னார். மறுநாள் மாமா நல்ல கொழுத்த ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்து அவள் வாசலில் கட்டினார். அபராதம் வீட்டுச் செலவு, மருமகள் செய்த வேலைக்கு மாமன் கொடுக்க மாட்டானா என்றார். அவள் ஆட்டை அவிழ்த்து அவர் கையிலேயே கயிற்றைக் கொடுத்தாள். செய்யாததுக்கு ஆடு கொடுத்தால் செய்ததாக ஆகிவிடும் என்றாள். கொடுக்காவிட்டால் ஊரில் இருக்க முடியாது என்றார் மாமா. இருக்க முடியாவிட்டால் இல்லை என்றாள். மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு கீழ்வாசலிலும் அவளுக்கு முன்போல வரவேற்பு இல்லை. ஒரு பக்கம் துரோகி என்றது, இன்னொரு பக்கம் கெட்டிக்காரி, ஆனால் திமிர் பிடித்தவள் என்றது. ஊரில் அவள் சொன்னதை அப்படியே நம்பியவர்கள் அவள் அம்மாவும் நானும்தான். எங்கள் இரண்டு பேர் பேச்சும் எங்கேயும் எடுபடவில்லை.

கணினியை எடுக்க அவள் கடைக்குப் போன அன்று கஃபூய் உள்ளே வந்தாள். பலகைச் சுவர் என்பதால் எனக்குக் கேட்டது.

எமெஃபா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "நிஜமாவே பார்க்கலையா நீ?"

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"பார்த்தேன். பாதி ஆனப்புறம் பார்த்தேன். உறை வேற இல்ல. வெளிய அந்த ஆளு நின்னுட்டிருந்தான். மூலைய யாரு பார்க்கப் போறான்னு விட்டுட்டேன்."

"அங்க எதுக்கு அப்படிச் சொன்னே?"

"உனக்கு ஒரு வாசல் மூடினா இன்னொண்ணு இருக்கு, எமெஃபா. எனக்கு இருக்கறது இந்த ஒரு வீடுதான். நான்னு தெரிஞ்சா செலோர்ம் வீட்டுல என்ன வெச்சிருப்பாங்களா? புள்ளைங்க வேற இருக்கு."

"முந்தின நாள் சாயங்காலம் உக்காந்து பேசினோமே, அப்ப கேட்டிருந்தா நானே ஏத்துக்கிட்டிருப்பேன். நீ கேட்கல."

அவள் நிஜமாகவே ஏற்றுக்கொண்டிருப்பாளா என்று எனக்குத் தெரியாது. கஃபூய்க்கும் தெரியாது போல. கொஞ்ச நேரத்தில் வயர்களைச் சுருட்டும் சத்தம் கேட்டது. கணினியைத் தூக்கி வண்டியில் வைக்க நான் ஒரு பக்கம் பிடித்தேன். கஃபூய் கதவருகே நின்றாள், பிடிக்க வரவில்லை. எமெஃபாவும் கூப்பிடவில்லை.

அவள் பெருஞ்சாலைச் சந்திப்புக்குப் போய், லாரி நிலையத்தை ஒட்டி ஒரு சிறிய தகரக் கடை எடுத்தாள். ஓட்டுநர் சங்கக் கடிதங்கள், பள்ளி வினாத்தாள்கள், தொலைவிலிருந்து வருகிறவர்களின் உறைகள். டோக்போவேயிலிருந்து யாரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சந்திப்பிலேயே ஒரு சின்ன சபைக்குப் போனாள், பாடகர் குழுவில் சேரவில்லை. நான் மீன் எடுக்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவளைப் பார்ப்பேன். வேலையைப் பற்றிப் பேசுவாள், அம்மாவின் கண்ணைப் பற்றிப் பேசுவாள். கஃபூயின் பெயரை நான் எடுத்தால் உறைகளை எண்ண ஆரம்பித்துவிடுவாள்.

ஆசன வழக்கு பல வருடம் நடந்தது. கடைசியில் இரண்டு வாசலும் களைத்துப்போய் உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள். ஆசனம் மேல்வாசலுக்கு, தலைவருக்கு இணையாக உட்காரும் அரசித் தாய் கீழ்வாசலிலிருந்து. பகை தீர்ந்ததும் பழைய கதைகள் எல்லாம் சிரிப்பாகிவிட்டன. சாராயக் கடையில் மேல்வாசல்காரனே உறைக் கதையை எடுப்பான், கீழ்வாசல்காரன் முடிப்பான். எமெஃபா அந்தக் கதையில் பெரிய தந்திரக்காரி. ஹோவிலிருந்தபடியே மேல்வாசலைக் கவிழ்த்தவள். எல்லோரும் அவளை மெச்சிக்கொண்டுதான் சொல்வார்கள். அவள் காதுக்கு அது எட்டாமல் இருக்கவில்லை.

புதிய தோக்பேயை அமர்த்தும் விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் நான் சந்திப்பில் அவள் கடையில் உட்கார்ந்திருந்தேன். கஃபூய் வந்தாள். வாழையிலையில் அவித்த சோள அப்பமும் பொரித்த பொடி மீனும் கொண்டுவந்திருந்தாள். உடம்பு பெருத்துவிட்டது, நடை தளர்ந்துவிட்டது. எமெஃபா நாற்காலி இழுத்துப் போட்டாள். மூன்று பேரும் சாப்பிட்டோம். மழை, பிள்ளைகள், யார் யார் இறந்தார்கள் என்று பேசினோம். பிறகு கஃபூய் விஷயத்துக்கு வந்தாள். இரண்டு வாசலும் சேர்ந்து அனுப்பும் அழைப்பு. தலைவர்களின் பட்டங்கள் தன் கைக்கு உறையில் உட்கார மாட்டேனென்கின்றன. அகோர்லி பெரியவரே எமெஃபாவிடம் போகச் சொன்னாராம்.

"செஞ்சு தரேன்" என்றாள் எமெஃபா. "நீ ஒரு தடவை அவர்கிட்ட சொல்லு. நடந்தத."

கஃபூய் சிரிக்கப் பார்த்தாள். "அதை எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. இப்பப் போய் அதைக் கிளறணுமா?"

"சிரிக்கறதாலதான் சொல்லச் சொல்றேன். இனிமே யாரும் உன்ன வீட்ட விட்டு அனுப்பப் போறதில்ல. உனக்கு ஒண்ணும் போகாது."

"உனக்குக் கெட்ட பேரு இல்லையே இப்ப. நல்ல பேருதானே சொல்றாங்க."

"அது என் பேரு இல்ல, கஃபூய்."

கஃபூய் இலைகளை மடித்துப் பைக்குள் வைத்தாள். செலோர்மிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வரவில்லை. உறைகளை ஹோவில் கொடுத்து அடித்தார்கள். விழா நன்றாக நடந்தது. எமெஃபாவுக்கும் ஓர் அழைப்பு வந்தது. அவள் போகவில்லை.

விழா முடிந்த வாரம் நான் அவளிடம் கேட்டுவிட்டேன். இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இன்னுமா என்றேன்.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "அகோர்லி சொன்னது மறந்துபோச்சு அக்கா. மாமா சிரிச்சதும் போயிடுச்சு. அன்னைக்குப் பதில் சொல்ல அவ எழுந்தா பாருங்க, கால் நடுங்கிச்சு அவளுக்கு. என் தோள்ல கைய ஊனித்தான் எழுந்தா. நானும் விழுந்துடப் போறாளேன்னு கைய மேல வெச்சுப் பிடிச்சிக்கிட்டேன். என்னப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நின்னுதான் அதைச் சொன்னா."

அதே பெஞ்சில் அவளுக்கு இந்தப் பக்கம் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கையை நான் பார்க்கவில்லை.

அப்போது ஒரு பெண் ஓர் உறையோடு வந்து நின்றாள். தலைமை ஆசிரியருக்கு அனுப்ப வேண்டுமாம். எமெஃபா திரையின் பக்கம் திரும்பி, அவர் பெயருக்கு முன்னால் என்ன போட வேண்டும் என்று கேட்டாள்.